கந்தைத் துணியும் கைத்தையலும்: ஒட்டுப்போர்வைகளின் வரலாறு

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் பழமொழி. அதில் வரும் 'கந்தை' என்னும் சொல் 'கந்தா' என்னும் வடசொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தது. நைந்த துணி, பல துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடை என்பன அதன் பொருள்கள். தமிழில் அச்சொல் வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது. வங்காளத்திலோ அதே சொல், தாய் தன் மகளுக்கு விட்டுச்செல்லும் அருமையான போர்வை ஒன்றின் பெயராயிற்று. இன்று துணிக்கடைகளில் 'காந்தா வேலைப்பாடு' என்று விலை உயர்த்திச் சொல்லப்படும் சேலைகளைப் பார்க்கிறோம். அந்தக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

ஒரே சொல் ஓரிடத்தில் இழிவாகவும் மற்றோரிடத்தில் பெருமையாகவும் மாறியது எவ்வாறு? அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள். தேய்ந்த துணியில் எது இன்னும் பயன்படும் என்று பார்க்கும் கண்ணும், அதை மற்றொரு துணியோடு இணைக்கும் கையும் அவர்களிடம் இருந்தன. வங்காளம், சிந்து, கர்நாடகக் காடுகள் ஆகிய மூன்று இடங்களில் முஸ்லிம் பெண்களும் பங்கு கொண்டு வளர்த்த இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

ஒட்டுப்போட்ட ஆடையின் கண்ணியம்

நம் மரபில் ஊசியும் நூலும் தாழ்ந்த பொருள்களாகக் கருதப்பட்டதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையார் விடையளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. தையல் பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணும் ஆண்கள் இச்செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லத்தில் உருவங்கள் பொறித்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்ததும், நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாததும் நாம் அறிந்த நிகழ்ச்சி. அதன் பிறகு அத்துணிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது வீசியெறியப்படவில்லை. அன்னையார் அதை வெட்டி, சாய்ந்து அமரும் திண்டுகளாகத் தைத்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். ஒரு பயன்பாட்டுக்கு ஆகாத துணி மற்றொரு பயன்பாட்டுக்கு ஆகும் என்னும் இல்லறத் தெளிவு அச்செயலில் இருக்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், அவர்களுடைய ஆடையில் இரு தோள்களுக்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போடப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் ஸூஃபியாக்கள் பல துண்டுகளால் ஆன மேலாடையை எளிமையின் அடையாளமாக அணிந்தனர். அரபியில் 'ருக்ஆ' என்றால் ஒட்டு. ஒட்டுகளால் ஆன அந்த ஆடைக்கு 'முரக்கஆ' என்று பெயர். முகலாய அரசவைகளில் ஓவியங்களையும் எழுத்தணிப் பக்கங்களையும் ஒட்டிச் சேர்த்த தொகுப்பேடுகளும் இதே சொல்லிலிருந்து 'முரக்கா' என்று அழைக்கப்பட்டன. ஏழைத் துறவியின் அங்கிக்கும் பேரரசரின் ஓவிய ஏட்டுக்கும் ஒட்டுத்துணியே பெயர் தந்தது.

துணியைத் தேர்ந்தெடுத்த அறிவு

தைப்பதற்கு முன் துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதிலும் மார்க்க நெறி நெசவுத் தொழிலோடு கலந்த சுவையான வரலாறு ஒன்று உண்டு. தூய பட்டு முஸ்லிம் ஆண்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் செல்வர்களும் அரசவையினரும் பட்டின் மினுமினுப்பை விரும்பினர். இந்த இக்கட்டுக்கு நெசவாளர்கள் கண்ட தீர்வுதான் 'மஷ்ரூ' என்னும் துணி. அப்பெயருக்கு 'சட்டத்தால் அனுமதிக்கப்பட்டது' என்பது பொருள். ஷரீஅத் என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

மஷ்ரூவில் பாவு பட்டு நூலாகவும் ஊடை பருத்தி நூலாகவும் இருக்கும். பாவு நூல் ஒவ்வோர் ஊடையிலும் மாறி மாறிப் பின்னாமல், பல ஊடைகளைத் தாண்டி மேற்புறத்திலேயே மிதந்து செல்லும். அதனால் வெளியே பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டு தெரியும். உடலைத் தொடுவது பருத்தியாக இருக்கும். குஜராத்தின் பாட்டன், மாண்ட்வி ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் ஒருகாலத்தில் மஷ்ரூ நெய்யப்பட்டது. ஆடைகளுக்கு மட்டுமன்றிப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளின் மேலுறைக்கும் இத்துணி பயன்பட்டது. வியர்வையை உறிஞ்சும் பருத்தி உட்புறமாக அமைந்தது வெப்ப நாடுகளுக்கு நன்மையாகவும் முடிந்தது.

மஷ்ரூ செல்வர் வீட்டுத் துணி. எளிய வீடுகளில் தேர்வு வேறு வகையில் நடந்தது. அங்கே புதுத் துணிக்கு மதிப்பு இருந்தது போலவே, பலமுறை துவைத்த பழைய பருத்திக்கும் தனி மதிப்பு இருந்தது. புதிய கைத்தறித் துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும், துவைத்தால் சுருங்கும், சாயமும் கசியலாம். பல்லாண்டு உடுத்தித் துவைத்த சேலையில் இக்குறைகள் அனைத்தும் நீங்கியிருக்கும். இழைகள் மென்மையாகி, ஊசி தடையின்றி இறங்கும். பிறந்த குழந்தையை இத்தகைய பழந்துணியில் சுற்றுவது வங்கத்திலும் வழக்கம், நம்மிடமும் வழக்கம். பழைய சேலையில் தூளி கட்டுவதும், வெளுத்த வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்கு விரிப்பதும் ஏழ்மையால் மட்டும் வந்த பழக்கங்கள் என்று சொல்லிவிட முடியாது. பச்சிளம் தோலுக்கு எத்துணி ஏற்றது என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர்.

வங்காளத்தின் காந்தா

இந்த அறிவிலிருந்து பிறந்ததே காந்தா. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, சுருக்கமின்றி நீவி, ஓரங்களை மடித்துப் பிடித்து, முழுப் பரப்பையும் ஓட்டுத் தையலால் இணைப்பார்கள். கோடைக்கு உரியதாயின் அடுக்குகள் குறைவாகவும், குளிர்காலத்துக்கு உரிய 'லேப்' என்னும் போர்வையாயின் அடுக்குகள் மிகுதியாகவும் இருக்கும். தையல் நூலையும் கடையில் வாங்கியதில்லை. சேலையின் வண்ணக் கரையிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி, சேர்த்து முறுக்கி, அதையே நூலாகக் கொண்டார்கள். ஒரு சேலை இவ்வாறு போர்வையாகவும் நூலாகவும் இருமுறை பயன்பட்டது.

ஓட்டுத் தையல் தையல்களிலெல்லாம் எளியது. ஊசி மேலும் கீழும் செல்வதைத் தவிர அதில் வேறு நுட்பம் இல்லை. ஆனால் அந்தத் தையலை நெருக்கமாக வரிவரியாக இட்டுச்செல்லும்போது, துணி மெல்லச் சுருங்கி, காற்று தொட்ட குளத்து நீர்போல் அலையலையாக எழும். ராஜ்ஷாஹிப் பகுதியில் கனமாகத் தைக்கப்படும் ஒரு வகைக்கு 'லொஹரி காந்தா' என்று பெயர். 'லொஹர்' என்றால் அலை. பொதுவாக நடுவில் விரிந்த தாமரையும், நான்கு மூலைகளில் மூலைக்கு ஒரு மரமோ மாங்காய் வடிவமோ அமையும். இடைவெளிகளை வீட்டைச் சுற்றிக் கண்ட பொருள்கள் நிரப்பும்.

வங்கத்து இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இக்கலையை ஒருங்கே வளர்த்தனர். முஸ்லிம் இல்லங்களின் தேவைக்கேற்பத் தனி வகைகளும் தோன்றின. குர்ஆனை வைப்பதற்கு உறைபோல் தைக்கப்பட்டது 'கிலாஃப்'. தொழுகைக்கு விரிக்கும் முஸல்லாவாகத் தைக்கப்பட்டது 'ஜாயநமாஸ்' காந்தா. உணவுக்கு விரிக்கும் 'தஸ்தர்கான்' நம் வீடுகளில் சுப்ரா என வழங்கும் விரிப்புக்கு நிகரானது. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்க ஒன்று, தலையணைக்கு ஒன்று, நூல்களைப் பொதிந்து வைக்க ஒன்று என இல்லத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காந்தா இருந்தது. உடுத்திக் கிழிந்த சேலை, துவைத்துத் தூய்மையானபின் இறைவேதத்தின் உறையாகும் தகுதியைப் பெற்றது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கப்பலேறிய போர்வைகள்

அதே வங்காளத்தில் வேறொரு வகைப் போர்வையும் உருவாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வங்கக் கரைக்கு வந்தபோது, சாத்காவ் என்னும் துறைமுகமும் பின்னர் ஹூக்ளியும் அவர்களின் வணிகத் தளங்களாயின. அங்கிருந்த கைவினைஞர்களின் திறமையைக் கண்டு, ஐரோப்பியச் செல்வர்களுக்காகப் பெரிய போர்வைகளைத் தைத்துத் தருமாறு கேட்டார்கள். வெண்பருத்தியின்மேல் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால், சங்கிலித் தையலிலும் பின்தையலிலும் அவை செய்யப்பட்டன. வேட்டைக் காட்சிகள், கப்பல்கள், கிரேக்கப் புராணக் கதைகள், சுலைமான் அரசரின் தீர்ப்பு முதலியவை அவற்றில் இடம்பெற்றன. இன்று லண்டன், லிஸ்பன், பாஸ்டன் நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம்.

1632ஆம் ஆண்டு பேரரசர் ஷாஜஹானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றிப் போர்ச்சுக்கீசியரை வெளியேற்றியது. அவர்களின் வணிகம் சரியவே, அந்தப் போர்வைத் தொழிலும் 17ஆம் நூற்றாண்டுக்குள் மங்கி மறைந்தது. கேட்பவர் இல்லாதபோது செய்பவரும் இல்லாமற்போயினர். ஆனால் வீட்டுத் திண்ணையில் உருவான காந்தாவுக்கு அந்நிய வாங்குநர் எவரும் தேவைப்படவில்லை. குழந்தை பிறந்துகொண்டும் குளிர்காலம் வந்துகொண்டும் இருந்த வரையில் அது தைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

சோழமண்டலக் கரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சாயவேரின் சிவப்பைக் கொண்டு தீட்டப்பட்ட பூந்துணிகளும் சீட்டித் துணிகளும் இக்கரையிலிருந்து கிழக்கும் மேற்கும் சென்றன. பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து மரைக்காயர் கப்பல்கள் மலாக்கா, கெடா, ஆச்சே முதலிய இடங்களுக்குத் துணி ஏற்றிச் சென்றன. ஒவ்வொரு துறைமுகத்தினரும் விரும்பிய நிறமும் கரையும் கட்டமும் வேறுவேறு. எந்த ஊருக்கு எந்தத் துணி செல்லும் என்று அறிந்து தேர்ந்தெடுத்தவரே அவ்வணிகத்தில் நிலைத்தார்.

ஐரோப்பாவில் இத்துணிகளுக்கு எழுந்த ஆவலைக் கண்டு அந்நாட்டு நெசவாளர்கள் அஞ்சினர். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை சீட்டித் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700லும் 1721லும் தடைச் சட்டங்களை இயற்றியது. கிடைப்பதற்கு அரிதாகும் பொருளின் சிறு துண்டும் மதிப்புப் பெறும் அல்லவா? இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் உள்ள, 1708ஐ ஒட்டியது எனக் கருதப்படும் ஒட்டுப்போர்வை இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. சீட்டித் துணியிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைக்கும் முறையும் அங்கே பரவிற்று. நம் கரையில் சாயம் தோய்ந்த துணியின் துணுக்குகளைச் சீமைப் பெண்கள் பொன்போல் சேர்த்து வைத்தனர்.

சிந்துவெளியின் ரல்லி

வங்காளத்திலிருந்து மேற்கே துணைக்கண்டத்தின் மறுகோடிக்குச் சென்றால் சிந்து மாநிலத்தின் 'ரல்லி' நம் கண்ணைக் கவரும். கலத்தல், இணைத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. காந்தாவில் பழந்துணிகள் அடுக்காக மறைந்திருக்க, தையலே முன்னிற்கும். ரல்லியில் துணித்துண்டுகளின் நிறமே முன்னிற்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய அழுத்தமான நிறங்களில் சதுரங்களும் முக்கோணங்களும் வரிசை தவறாமல் அமையும். மற்றொரு வகையில், துணியைப் பலமுறை மடித்து வெட்டி விரித்தால் கிடைக்கும் வடிவத்தை வேறொரு நிறத் துணியின்மேல் வைத்து ஓரம் மடித்துத் தைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளை மடித்து வெட்டிப் பூச்செய்வது போன்ற வேலை அது.

மேல்துணி ஆயத்தமானபின் தரையில் பாயை விரித்து, அதன்மேல் அடித்துணியையும், நடுவே பழந்துணிகளையும், மேலே வண்ணத்துணியையும் பரப்பி, பெண்கள் பலர் சுற்றி அமர்ந்து தடித்த நூலால் நேர்வரிகளாகத் தைத்து முடிப்பார்கள். ரல்லி கட்டிலில் விரிப்பாகும், தொட்டிலாகும், பொருள் கட்டும் பையாகும், விருந்தினர் வரும்போது வீட்டின் மரியாதையாகும். மணப்பெண்ணின் சீரில் ரல்லிகள் இடம்பெறும். ஒரு வீட்டில் எத்தனை ரல்லிகள் மடித்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு அவ்வீட்டின் செழிப்பை ஊரார் மதிப்பிட்டனர்.

இவ்வடிவங்களுக்கு அச்சிட்ட நூலோ வரைபடமோ கிடையாது. தாயின் கையைப் பார்த்து மகள் கற்றாள். அளவுகோல் இல்லாமல் துணியை மடித்தே சதுரத்தையும் முக்கோணத்தையும் வகுத்தாள். பள்ளிவாசல் ஓடுகளிலும் பழங்கால மண்பாண்டங்களிலும் காணும் வடிவங்களை ரல்லியில் கண்டு அறிஞர்கள் வியந்துள்ளனர்.

காட்டுக்குள் வளர்ந்த கவந்தி

சிந்துவைவிட நமக்கு அருகில் உள்ளது கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டம். எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு வட்டங்களின் காட்டுப்பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்கர். அவர்களில் பலர் போர்ச்சுக்கீசியரால் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி இக்காடுகளில் தஞ்சம் புகுந்தவர்கள். இன்று இவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உள்ளனர். மூன்று சமயத்துப் பெண்களும் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வையைத் தைக்கின்றனர்.

ஒரு பழஞ்சேலையை அடித்துணியாகக் கொண்டு, அதன் ஒரு மூலையில் வேலையைத் தொடங்குவார்கள். வீட்டாரின் கிழிந்த சட்டைகளிலிருந்தும் பாவாடைகளிலிருந்தும் எடுத்த துண்டுகளை ஓரத்தை மடித்து வைத்து, பெரிய ஓட்டுத் தையல்களால் ஓரம் முழுதும் சுற்றி வந்து, சுற்றுச்சுற்றாக நடுவை நோக்கி நகர்வார்கள். துண்டை ஒட்டுவதும் அடுக்குகளை இணைப்பதும் ஒரே தையலில் நடக்கும். நடுப்பகுதி நிரம்பும்போது போர்வை முடியும். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூப்போல் வைத்துத் தைப்பார்கள். 'ஃபூல்' எனப்படும் அந்தப் பூ இல்லாமல் எந்தக் கவந்தியும் முழுமை பெறாது. முஸ்லிம் சித்திப் பெண்களின் போர்வைகளில் சிலபோது பிறை வடிவத்தையும், கிறிஸ்தவப் பெண்களுடையவற்றில் சிலுவையையும் காணலாம். தையல் முறை மட்டும் அனைவருக்கும் ஒன்றே.

தம் மொழியையும் ஊரையும் பெயரையும் இழக்க நேர்ந்த ஒரு மக்கள், கிடைத்த துண்டுகளைக் கொண்டு தமக்கென ஓர் அழகை அமைத்துக்கொண்டனர். 2003இல் கர்நாடகச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவலின் ஊக்கத்தால் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு அமைப்பு ஒன்று தோன்றிற்று. அதன்பின் கவந்தி வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கும் சென்றது.

பெயரில்லாத கைகள்

இத்தனை போர்வைகளைத் தைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? மிகப் பெரும்பாலானவர்களின் பெயர்கள் தெரியா. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு காந்தாவில், அதைத் தம் தந்தைக்காகத் தைத்த மானதாசுந்தரி தாசி தம் பெயரையும் நூலால் எழுதி வைத்திருக்கிறார். அத்தகையோர் மிகச் சிலரே. பெயரை எழுதும் எழுத்தறிவு பல பெண்களுக்குக் கிடைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. போர்வை வீட்டாருக்கு உரியது. வீட்டாருக்குத் தைத்தவளைத் தெரியும். அதுவே போதுமென இருந்தனர்.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக்கவிதை அத்தகைய ஒருத்தியின் வாழ்வைச் சொல்கிறது. கணவனைப் பிரிந்த சாஜு, தன் வாழ்வின் நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரு காந்தாவில் தைத்து, தான் இறந்தபின் அதைத் தன் கபுரின்மேல் விரிக்குமாறு தாயிடம் கேட்டுக்கொள்கிறாள். நாட்டுப்புறப் பெண்ணின் தையலை வங்க மக்கள் இலக்கியமாகக் காண அந்நூல் வழிவகுத்தது. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின், கணவரையும் நிலத்தையும் இழந்த பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாகக் காந்தாவைத் தொண்டு நிறுவனங்கள் மீட்டெடுத்தன. 1978இல் தொடங்கிய 'ஆரோங்' அவற்றுள் பெயர்பெற்றது.

சந்தைக்கு வந்தபின் காந்தா சில மாற்றங்களை அடைந்தது. பழஞ்சேலையின் இடத்தைப் புதுத்துணி பிடித்தது. வடிவங்களை வேறொருவர் வரைந்து கொடுத்தார். கடையில் வாங்கிய நூல் வந்தது. பெண்ணுக்குக் கையில் காசு கிடைத்தது. அது பெரும் நன்மை. ஆனால் நுண்ணிய வேலைப்பாடுள்ள ஒரு போர்வைக்கு மாதக்கணக்கில் உழைப்புத் தேவை. அந்த உழைப்பை மணிக்கணக்கில் அளந்து கூலி தருபவர் குறைவு. கைத்தையல் பொருளை வாங்கும்போது 'இதற்கா இவ்வளவு விலை' என்று பேரம் பேசும் நாம், அதைத் தைத்தவளின் கண்ணையும் முதுகையும் அந்த விலையில் சேர்த்துப் பார்ப்பது நியாயம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

நம் இல்லங்களில்

இன்று நம் அலமாரிகளில் துணி நிறைந்திருக்கிறது. தையலுக்கு ஏற்ற துணி குறைந்திருக்கிறது. விலை மலிந்த செயற்கை இழைத் துணிகள் நைவதும் இல்லை, மென்மையாவதும் இல்லை; நிறம் மங்கி, உருண்டை உருண்டையாகப் பிசிறு எழும்பிக் குப்பைக்குச் செல்கின்றன. துணியை விரலிடையே தேய்த்து இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லும் தேர்ச்சி நம் உம்மாமாரோடு மறைந்துகொண்டிருக்கிறது. அதை மீட்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை.

வீட்டிலுள்ள பழைய பருத்திக் கைலி, வெள்ளைத் துப்பட்டி, நூல்சேலை ஆகியவற்றை முதலில் தனியே எடுத்து வைக்கலாம். ஐயம் இருப்பின் துணியின் ஓர் இழையைப் பெரியவர் ஒருவர் கவனத்தோடு எரித்துப் பார்க்கட்டும். பருத்தி தாள்போல் எரிந்து மென்சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணிபோல் திரளும். பின்னர் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், இழை தேய்ந்த இடங்கள் தெரியும். அவற்றை விலக்கி, நல்ல பகுதியைப் பாவு நூலின் போக்கிலேயே நேராக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டு வடிவம் கெடும்.

ஒரே கனமுள்ள துணிகளையே ஒரு போர்வைக்குச் சேர்க்க வேண்டும். கெட்டித் துணிக்கு அருகில் மெல்லிய துணியைத் தைத்தால், சில துவையல்களில் மெல்லியது கிழிந்துவிடும். புதிய துண்டு ஏதேனும் சேர்ப்பதானால் அதை முன்னரே துவைத்து உலர்த்த வேண்டும். அடர்சிவப்பு, கருநீலம் போன்றவற்றை ஈரவெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் கசிகிறதா எனப் பார்ப்பதும் நல்லது. நம் ஊரின் வெப்பத்துக்கு நடுவே பஞ்சு வேண்டியதில்லை. மூன்று அல்லது நான்கு அடுக்குப் பழம்பருத்தி போதும். அடுக்குகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, பெரிய தற்காலிகத் தையல்களால் நிலைப்படுத்திக்கொண்டு, ஓட்டுத் தையலைத் தொடங்கலாம். முதலில் ஒரு முஸல்லாவோ குர்ஆன் உறையோ தைப்பது எளிது. கை பழகியபின் முழுப் போர்வைக்குச் செல்லலாம்.

இவ்வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். ஆண்பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். வாப்பாவின் கைலி எது, பெரியம்மாவின் சேலை எது, பெருநாளுக்கு எடுத்த சட்டை எது என்று துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே தைக்கும்போது, குடும்ப வரலாறும் அவர்களிடம் சென்று சேரும். தைத்து முடித்தபின் ஒரு மூலையில், தைத்தவரின் பெயரையும் ஆண்டையும் சிறிய எழுத்துகளில் நூலால் எழுதி வைப்போம். நம் பாட்டிமாரின் பெயர்கள் எந்தத் துணியிலும் இல்லாமற்போயின. நம் பெண்மக்களின் பெயர்களாவது நிலைக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.